வரைபடத்தில் இல்லாத கதவு

எழுந்திருக்காதீர்கள் அர்த்தநாரி, உட்காருங்கள். நான் இப்போது வெறும் ஆள். போன வைகாசியோடு சர்வீஸ் முடிந்துவிட்டது. இனிமேல் என்னைக் கண்டு எந்தப் பட்டறைக்காரரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. இந்த ஸ்டூலே போதும். டீ சொல்கிறீர்களா? சர்க்கரை இல்லாமல் சொல்லுங்கள்.

வேன் வாங்கிவிட்டேன். வெளியே நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். பதினேழு சீட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓடிய வண்டி. இன்ஜின் சுத்தமாக இருக்கிறது. இருபத்தொன்பது வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்தவனுக்கு எவனும் ஓட்டை வண்டியைத் தள்ளிவிட முடியாது. சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு அதைக் கேரவன் ஆக்க வேண்டும். இரண்டு படுக்கை, சின்னதாக ஓர் அடுப்படி, ஒரு கக்கூஸ். நானும் என் வீட்டுக்காரியும் மட்டும்தான். காசி வரைக்கும் போய்வரலாம் என்று எண்ணம்.

எங்கள் ஊரிலேயே நாலு பட்டறை இருக்கும்போது திருச்செங்கோட்டுக்கு ஏன் வந்தேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? காரணம் இருக்கிறது. சென்னியப்பன் வண்டியைக் கட்டியது நீங்கள்தானே? முகத்தைத் திருப்பாதீர்கள். அந்தப் பேச்சை எடுப்பதற்காக வரவில்லை. எடுக்காமலும் முடியாது. எனக்கு வேண்டியது என்ன என்பதை அதைச் சொல்லித்தான் சொல்ல முடியும். அதோடு, என் பக்கத்தை இதுவரை யாரும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கை நீட்டியவன் இல்லை. நீங்களே எத்தனை வண்டி என்னிடம் கொண்டுவந்திருப்பீர்கள், ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா? இல்லை அல்லவா. சென்னியப்பனிடமும் கேட்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு இப்படி ஆகியிருந்தால் ஊர் பேசுவதில் நியாயம் உண்டு. நான் நேர்மையாக இருந்தேன். நேர்மையாக இருந்தவனுக்குத்தான் இவ்வளவும்.

சென்னியப்பன் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயது. ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். மனைவி புஷ்பவேணி டீச்சர். முப்பத்தொரு வருஷம் புவியியல் நடத்தியவர். முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆகி இரண்டு காலும் போய்விட்டது. பாடமாக நடத்திய இடங்களில் ஒன்றைக்கூட அந்த அம்மாள் நேரில் பார்த்ததில்லையாம். அதனால் வேனுக்குள்ளேயே படுக்கை போட்டு, ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்டுவது என்று இவருக்கு ஆசை. உங்களிடம் வந்து கட்டினார். நல்ல காரியம்தான். நான் தப்பு என்று சொல்லவே இல்லை.

ஆனால் வந்த விதம் சரியில்லை. தகுதிச் சான்று வாங்க எஃப்.சி. மைதானத்துக்கு எல்லாரும் எப்படி வருவார்கள்? புரோக்கரோடு வருவார்கள். ஃபாரத்தைப் புரோக்கர் நீட்டுவான், வண்டிக்காரர் ஓரமாக நிற்பார். இவர் புரோக்கர் இல்லாமல் வந்தார். அதுகூடப் பரவாயில்லை. வரிசையில் நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார். சர்வேயர் புத்தி, எதையும் அளந்துகொண்டே இருப்பார்.

மைதானத்துக்கு எதிரே ஒரு கடை உண்டு, உங்களுக்குத் தெரியும். தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, எச்சரிக்கை முக்கோணம், எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். லாரிக்காரன் வாங்கி மாட்டுவான், நான் பார்த்து டிக் அடிப்பேன், அவன் கழற்றிக்கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிடுவான். நான் சர்வீஸில் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தான். அன்றைக்கு நான் ஐந்தாவது வண்டிக்குப் போகிறேன். இவர் ஓரமாக நின்று, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்கிறார்.

“சார், ஒரு சந்தேகமுங்க. இந்தச் சிகப்பு சிலிண்டருக்குக் கழுத்துல ஒரு நெளிசல் இருக்குது பாருங்க. காத்தாலிருந்து நாலு லாரியில இதே நெளிசல் ஏறி எறங்கிருச்சு. நாலு வாட்டியும் நீங்க டிக் அடிச்சீங்க.”

புரோக்கர் வெள்ளைச்சாமி சும்மா இருப்பானா? “சர்வேயரய்யா, அது குடும்பச் சொத்துங்க. பங்கு பிரிக்காம பொதுவுல வெச்சிருக்கோம்” என்றான்.

வேனுக்குள்ளிருந்து அந்த அம்மாளின் குரல். “நாலு லாரியும் ஒரே நாள்ல பத்திக்காம இருந்தாச் சரி.”

மைதானமே சிரித்தது. டிரைவர்கள், கிளீனர்கள், டீ ஊற்றுகிறவன், லைசென்ஸுக்கு எட்டுப் போட வந்த பெண்கள். என் ஜீப் டிரைவர்கூடச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பலர் நான் கோபத்தில் செய்தேன் என்கிறார்கள். கோபப்பட்டவன் கத்துவான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வண்டிக்குப் போய், “திறங்க” என்றேன். அவ்வளவுதான்.

நாற்பது நிமிஷம் பார்த்தேன். டேப்பை வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். வழக்கமாக ஒரு வண்டிக்கு ஐந்து நிமிஷம். இவருக்கு அளவு பிடிக்குமே, அளந்தே காட்டுவோம் என்று. படுக்கையின் நீளம், அடுப்புக்கும் சுவருக்கும் இடைவெளி, கூரை உயரம். தீயணைப்பான் இருந்தது, பக்கக் கதவுக்கு உள்ளே, சொந்தமாக வாங்கியது, புதுசு, சீல் பிரிக்காதது. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. சோபாவுக்கு அடியில் மட்டும் குனிந்து பார்க்கவில்லை. குனிந்தால் எனக்கு இடுப்பில் பிடித்துக்கொள்ளும்.

கடைசியில் வண்டிக்குப் பின்னால் வந்தேன். கதவு இருந்தது.

உங்கள் கை வேலை. கீழே மடங்கி விழுகிற கதவு. விழுந்தால் அதுவே சாய்தளம் ஆகிவிடும், சக்கர நாற்காலி உருண்டு இறங்கிவிடும். ஒரு கையால் தாழ்ப்பாளை இழுத்தால் போதும், உள்ளே இருக்கிற அந்த அம்மாளே திறந்துகொள்ளலாம். ஓரமெல்லாம் இரண்டு அடுக்கு ரப்பர். அழகாகத்தான் செய்திருந்தீர்கள். நான் வரைபடத்தை விரித்தேன். சோதனை நிலையம் முத்திரை போட்டுக் கொடுத்த வரைபடம். அதில் இடது பக்கம் ஒரே கதவு. பின்பக்கம் வெறும் சுவர்.

“இது என்னங்க?”

“கதவுங்க.”

“படத்துல இல்லையே.”

“இல்லீங்க சார். படம் வந்தப்புறம் சேர்த்தது. பக்கக் கதவுல இவங்க நாற்காலி நுழையாதுங்க. நான் ஒரு அவசரத்துக்கு வெளிய போயிருந்தாக்கூட, இவங்களே எறங்கிக்கலாம்.”

சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நோட்டை எடுத்தார். அவசர வழி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருக்கிறதாம், அதை எழுதி வைத்திருக்கிறார். எனக்கே படித்துக் காட்டுகிறார். இருபது பேர் சுற்றி நிற்கிறார்கள். இருபத்தொன்பது வருஷ சர்வீஸுக்கு விதி சொல்லிக்கொடுக்கிறார்.

நான் நினைத்திருந்தால், ‘கூடுதல் கதவு, ஆபத்தில்லை’ என்று ஒரு வரி எழுதி மேலே அனுப்பியிருக்கலாம். ஒரு மில்காரர் கேரவனுக்கு அப்படி எழுதியும் இருக்கிறேன். ஆனால் அந்த மில்காரர் வாய் திறக்கவில்லை.

“காகிதத்தில் இருக்கறது வண்டியில இருக்கணும். வண்டியில இருக்கறது காகிதத்தில் இருக்கணும். அடைச்சுட்டு வாங்க” என்றேன்.

அந்த அம்மாள் ஜன்னல் வழியாகச் சொன்னார். “அப்படின்னா என்னையும் எறக்கி விட்டுருங்க சார். நானும் அந்தப் படத்துல இல்லை.”

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.

அவரோ விடவில்லை. சண்டைக்கு இல்லை, பணிவாகத்தான் கேட்டார். “காரணம் என்னன்னு சொல்லிட்டா மனசு சமாதானம் ஆயிருமுங்க சார். விதின்னு இருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்குமே.”

காரணம்! இருபத்தொன்பது வருஷத்தில் என்னிடம் ஒருவரும் காரணம் கேட்டதில்லை. என்னிடம் காரணமும் இல்லை. ஆனால் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“பின்னாடி கதவு வெச்சா, வண்டி ஓடறப்ப சைலன்சர் புகையை உள்ளே இழுக்கும். கண்ணுக்குத் தெரியாது. மணக்காது. படுத்திருக்கறவங்களுக்குத்தான் முதல்ல ஏறும். டீச்சர் ஒருநாள் தூக்கத்துலயே போயிருவாங்க. பரவாயில்லையா?”

மனிதரின் முகம் செத்துப்போய்விட்டது. “அய்யய்யோ, இது எனக்குத் தெரியாதுங்களே சார்” என்றார். நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். வெள்ளைச்சாமி பார்த்தான், எல்லாரும் பார்த்தார்கள். மைதானத்தில் மறுபடியும் எனக்கு மரியாதை வந்தது.

முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ரப்பர் போன பழைய வண்டியில் அப்படி நடக்கலாம். உங்கள் கதவில் இரண்டு அடுக்கு ரப்பர், சைலன்சர் வாயும் பக்கவாட்டில். அதில் வராதுதான்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், நீங்கள் தொழில்காரர், சொல்லுங்கள். எஃப்.சி. மைதானத்தில் நின்று ஒரு இன்ஸ்பெக்டர் “அடைச்சுட்டு வாங்க” என்றால் அதற்கு என்ன அர்த்தம்? இந்த வட்டாரத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மேலே ஒன்று கீழே ஒன்று இரண்டு டாக் வைப்பது. புள்ளி வெல்டு. மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்துக் கொண்டுவருவது. நான் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. மறுநாள் காலையில் உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினால் கதவு மறுபடி கதவுதான். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கூடுதல் சீட்டு, கூரை மேல் கேரியர், பக்கத் தடுப்பு, எல்லாவற்றுக்கும் அதுதானே நடைமுறை? மூவாயிரம் வண்டியாவது அப்படிப் பாஸ் ஆகியிருக்கும். மறுநாள் பிரிக்கவில்லை என்று ஒரு வண்டியைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

நீங்களும் முறைப்படி இரண்டு டாக்தான் வைத்தீர்கள். விசாரணையில் நீங்களே சொன்னீர்கள். “போதுமுங்க, வண்டியை எடுங்க” என்றீர்களாம். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “இடைவெளி இருக்குதுங்களே, புகை வந்துரும், சுத்தியும் அடிங்க” என்றாராம். நீங்கள், “நாளைக்கு ஒடைக்கறதுதானுங்க” என்று சொல்லிப் பார்த்தீர்களாம். “எதுக்கு ஒடைக்கணும்? இன்ஸ்பெக்டர் காரணம் சொல்லிட்டாரு” என்றாராம்.

இதற்கு நான் என்ன செய்ய முடியும்? அதிகாரி சொன்னதை ஒருத்தர் அப்படியே செய்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு வாரம் கழித்து வண்டியைக் கொண்டுவந்தார்கள். பின்னால் போய் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். இரண்டு டாக் வைத்த கதவு தட்டினால் கலகலவென்று ஆடும், அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். இது ஆடவில்லை. சுவரைத் தட்டின மாதிரி இருந்தது. சுற்றிலும் முழு வெல்டு. ஒரு நிமிஷம் நின்றேன். மறைக்க மாட்டேன், நின்றேன். ‘இவ்வளவு எதற்கய்யா, போய்ப் பிரித்துவிடு’ என்று சொல்ல வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் புகையைப் பற்றிச் சொன்னது என்ன ஆகும்? பின்னால் பதினாறு வண்டி வேறு நின்றது.

“கரெக்டா பண்ணியிருக்கீங்க” என்றேன்.

“உங்க புண்ணியமுங்க சார்” என்றார். பக்கக் கதவு வழியாக மனைவியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருக்கிறாராம். அறுபத்து மூன்று வயதில். “ரெண்டு நாள்ல தோள் பழகிரும்” என்றார். அந்த அம்மாள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துத் தப்பு இருக்கிறதா என்று வாத்தியார் பார்ப்பாரே, அந்த மாதிரி. எனக்குப் பேனா ஒரு இடத்தில் சறுக்கியது. அவ்வளவுதான்.

மிச்சம் உங்களுக்கே தெரியும். முதல் பயணம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிற இடத்தைப் பார்க்கப் போனார்கள். முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் வரைந்த இடமாம். எட்டுக் கிலோமீட்டர் இருக்கும்போது வண்டியை ஓரம் கட்டினார், இளநீர் வாங்க. பகல் பதினொரு மணி. சாலையைத் தாண்டிப் போய் இளநீரை வெட்டச் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஏ.சி.க்கு இழுத்த ஒயர், சோபாவுக்கு அடியில், தகரத்தில் உரசி உரசித் தோல் போயிருந்தது. சோபா பற்றிக்கொண்டது. சோபா எங்கே இருக்கிறது? பக்கக் கதவுக்கு ஒட்டினாற்போல. தீயணைப்பானும் அங்கேதான். ஜன்னல் இருந்ததே என்பார்கள். ஜன்னலில் ஏறுவதற்குக் கால் வேண்டும்.

ஒயர் உங்கள் எலக்ட்ரீஷியன் இழுத்தது. விசாரணையில் அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. ‘வயரிங் பிற்பாடு மாற்றப்பட்டிருக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். உங்களைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்காட்ட வரவில்லை. நினைவில் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தி வைத்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கூரை உட்கார்ந்துவிட்டது, பக்கச் சுவர் சுருண்டுவிட்டது. பின்பக்கம் மட்டும் நின்றது. அதில் ஜாக்கி ராடால் அடித்த தடம். எண்ணினேன், முப்பத்தொன்று. சர்வேயர் அல்லவா, அந்த நேரத்திலும் கண்டபடி அடிக்கவில்லை. வெல்டு ஓடுகிற கோட்டின் மேலேயே வரிசையாக அடித்திருக்கிறார். எங்கே அடித்தால் பிரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு இடத்திலும் பிரியவில்லை, அர்த்தநாரி. ஒரு நூல்கூட விடவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்தக் காலத்தில் இப்படி யார் வெல்டு வைக்கிறார்கள்? அன்றைக்கே நினைத்தேன், நமக்கென்று ஒரு வண்டி கட்டினால் இந்தக் கையில்தான் கட்ட வேண்டும் என்று.

டீ ஆறுகிறது. நீங்கள் குடியுங்கள்.

விசாரணை ஐந்து மாதம் நடந்தது. மூன்று அதிகாரிகள். முடிவு என்ன தெரியுமா? ‘வாகனம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துக்கு முழுமையாகப் பொருந்தியிருந்தது. ஆய்வாளர் தரப்பில் குறைபாடு எதுவும் இல்லை.’ பையிலேயே வைத்திருக்கிறேன், லேமினேட் பண்ணி. பாருங்கள். பார்க்க வேண்டாமா? சரி. ஆனால் இதை யார் பேசுகிறார்கள்? ஓய்வு பெறுகிற அன்று ஆபீஸில் மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள், பேசுவதற்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இருபத்தொன்பது வருஷம். குற்றம் இல்லை என்று காகிதம் இருக்கிறது. அப்புறமும் இப்படி என்றால், மனுஷன் எதைக் காட்டித்தான் தன்னை நிரூபிப்பது?

சென்னியப்பனும் எனக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் உண்மை. “இன்ஸ்பெக்டர் சார் சொன்னது சரிதானுங்க, நான்தான் படத்துல இல்லாத கதவை வெச்சேன்” என்று வாக்குமூலம் கொடுத்தார். இரண்டு உள்ளங்கையிலும் கட்டு. சூடான ராடைப் பிடித்தது.

கடைசி நாள் விசாரணை முடிந்து வெளியே வருகிறேன். தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“சார், ஒண்ணே ஒண்ணுங்க. அந்தப் புகை விஷயம் நெஜந்தானுங்களே? அந்தக் கதவு இருந்திருந்தாலும் அவளுக்கு ஆகாதுதானுங்களே?”

என்ன சொல்வீர்கள் நீங்கள்? ‘இல்லையய்யா, சும்மா சொன்னேன்’ என்பீர்களா? அந்த மனுஷன் அங்கேயே விழுந்திருப்பார்.

“நெஜந்தான். நூத்துக்கு நூறு” என்றேன்.

“அப்பச் சரிங்க” என்றார். கட்டுப் போட்ட கையைக் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார். என் சர்வீஸில் நான் செய்த ஒரு நல்ல காரியம் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான் குறை.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. என் வீட்டுக்காரி சிவபாக்கியம் பேப்பரில் வந்த செய்தியை வெட்டி வைத்துக்கொண்டாள். “நீங்க சொல்லித்தானே அடைச்சாங்க?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். லேமினேட் பண்ணினதை எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் சோறு போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. காசிக்குப் போகலாம், நமக்கே நமக்கு ஒரு கேரவன் கட்டுகிறேன் என்று சொன்னேன். ஒரு வாரம் கழித்துத்தான் பதில் வந்தது. “பின்னாடி அந்த அம்மாவுக்கு வெச்ச மாதிரியே ஒரு கதவு வையுங்க. வெச்சாத்தான் ஏறுவேன்” என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

அதனால்தான் வந்தேன். அதே கதவு. அதே அகலம், அதே தாழ்ப்பாள், உள்ளேயிருந்து ஒரு கையால் இழுத்தால் விழ வேண்டும். இரண்டு அடுக்கு ரப்பர். ஆனால் வரைபடத்தில் போட வேண்டாம். போட்டால் சோதனை நிலையத்துக்குப் போய்த் திரும்பி வர ஆறு மாதம் ஆகும். அவ்வளவு நாள் அவள் மனசு இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே முத்திரை வாங்கிய பழைய படத்தையே கொடுங்கள். இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு இரண்டு டாக் வைத்துவிடுங்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. இப்போது அங்கே இருக்கிற தம்பி என்னிடம் வேலை பழகியவன்தான். தட்டிக்கூடப் பார்க்க மாட்டான். மறுநாள் நானே உளி வைத்துத் தட்டிக்கொள்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? புகையா?

நல்லாக் கேட்டீர்கள் போங்கள். அதெல்லாம் சென்னியப்பனுக்குச் சொன்னது. உங்களுக்குத் தெரியாதா, தொழில்காரர்? ஒன்று மட்டும், இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். மாதம் ஒரு தடவை இங்கே வந்து உங்களோடு உட்கார்ந்துவிட்டுப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். வந்தால் அந்தப் பேச்சே எடுக்க வேண்டாம். அவருக்கு இருக்கிற ஒரே பிடி அதுதான்.

ஏன் டேப்பைச் சுருட்டுகிறீர்கள்? இன்னும் அளவே எடுக்கவில்லையே. வேலை நிறைய இருக்கிறதா? இருக்கட்டும், நான் காத்திருக்கிறேன். ஒயர் விஷயத்தில் நான் காட்டிய தாட்சண்யத்துக்கு ஒரு கதவு கேட்கிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை.

என்ன?

டாக் வைப்பதை விட்டுவிட்டீர்களா? எப்போதிலிருந்து?

அந்த வண்டி எரிந்த நாளிலிருந்தா.

அடைத்தால் முழுசாகத்தான் அடைப்பீர்களா? அதைச் சிரிக்காமல் சொல்கிறீர்களே. சரி, விளையாடியது போதும், இங்கே பாருங்கள். என்னைப் பாருங்கள். உள்ளே படுத்திருக்கப்போகிறவள் என் வீட்டுக்காரி. இரண்டு டாக் போதும். ஞாபகமறதியிலோ கோபத்திலோ முழுசாக வைத்துவிடாதீர்கள். உங்கள் வெல்டு விடாது, அர்த்தநாரி. நான் பார்த்திருக்கிறேன்.